கஸ்பார் கல்லில் இருந்த இரண்டு வரி

ஆரோக்கியதாஸ் அண்ணனைப் பற்றி இணையத்தில் மூன்று விதமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கவிஞர் என்று ஒரு கூட்டம், திருடர் என்று ஒரு கூட்டம், விளம்பரத்துக்கு அலைகிறவர் என்று ஒரு கூட்டம். மூன்றில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. பதினாறு வருடமாக அவர் கடையை ஒட்டிக் கடை வைத்திருக்கிறவன் நான். அவனவன் வாய்க்கு வந்ததைப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு ஐம்பது வயது. திண்டுக்கல் நாகல் நகரில் கல்லறைக் கல் செய்துகொடுக்கிறார். என் பெயர் இளஞ்செழியன். பக்கத்தில் ஸ்டிக்கர் வெட்டுகிற கடை. வண்டி நம்பர், கடை போர்டு, கார் கண்ணாடிக்குச் சாமி பெயர் என்று எல்லாம் செய்வேன் என்றாலும், வாரம் தவறாமல் வேலை கொடுப்பவர் அண்ணன்தான். இப்போது யாரும் கல்லில் உளியால் எழுதுவதில்லை. பெயரையும் தேதியையும் நான் கம்ப்யூட்டரில் அடித்து ஸ்டிக்கராக வெட்டிக் கொடுப்பேன். அவர் அதைக் கிரானைட்டில் ஒட்டி, எழுத்தை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, கம்ப்ரசர் போட்டு மணலை அடிப்பார். உரித்த இடம் மட்டும் குழியும். அதில் பெயிண்ட் நிரப்பினால் வேலை முடிந்தது. ஒரு மனிதனின் பெயர் கல்லில் ஏற அரை மணி நேரம் போதும்.

கல் சொல்ல வருகிறவர்கள் ஒரு தாளில் விவரம் எழுதிக்கொண்டு வருவார்கள். கீழே ஒரு வசனம் போட வேண்டும். பைபிளில் வசனத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்லறை என்று வந்துவிட்டால் ஜனங்களுக்கு ஐந்தாறுதான் ஞாபகம் வரும். ஒரே வரிசையில் நாலு கல்லில் ஒரே வசனம் நிற்கும். அதனால் சிலர், நீங்களே பார்த்து நல்லதாக இரண்டு வரி போட்டுவிடுங்கள் என்பார்கள். அண்ணன் அவர்களை உட்காரவைத்து, போனவரைப் பற்றிச் சொல்லச் சொல்வார். அவர்கள் சொல்வார்கள், அழுவார்கள், மறுபடி சொல்வார்கள். இவர் நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் காட்டுவார். அதை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. என் கடையில் மட்டும் அப்படிப் பதினேழு கல்லுக்கு ஸ்டிக்கர் வெட்டியிருக்கிறேன்.

பதினேழிலும் இருந்தவை மணியத்தின் வரிகள்.

மணியம் யார் என்று கேட்பீர்கள். மலேசியாவில் கிள்ளான் பக்கம் இருக்கிற தமிழர். தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து 'ஈயக்குட்டை' என்று ஒரு ராப் குழு வைத்திருந்தார். 98-இல் 'மூணாங்கட்டை' என்று ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அவர்கள் ஊரில் மைலைக் கட்டை என்பார்களாம். அந்தக் கேசட்டை ஒரு பெரிய கூட்டம் இன்றைக்கும் வேதம் மாதிரி வைத்திருக்கிறது. தமிழில் ராப் என்று ஒன்று தலையெடுத்த காலத்தின் சிகரம் அதுதான் என்பார்கள். அண்ணன் 99-இல் ஒப்பந்த வேலைக்கு மலேசியா போய், ஒரு பர்னிச்சர் கம்பெனியில் இரண்டு வருடம் பலகை அறுத்தார். ஒரு அறையில் பதினாலு பேர். அங்கே ஒரு சந்தையில் அந்தக் கேசட்டை வாங்கியிருக்கிறார். சினிமாப் பாட்டில் யாரும் பேசாத தமிழ், நம்மைப் போல ஒருத்தன் வேலை முடிந்து வந்து திட்டுகிற தமிழ், அதைத் தாளத்தில் கேட்டதும் அன்றைக்கு இரவு சாப்பிடத் தோன்றவில்லை என்று ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மணல் மிஷின் சத்தத்துக்காக அவர் எப்போதும் இயர்போன் மாட்டியிருப்பார். பக்திப் பாட்டு கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் என் போன் கெட்டுப்போய் அவருடையதை வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு ஆள் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். தாளம் முன்னால் போய்விடும், பேச்சு பின்னாலேயே ஓடிவந்து அதன் கையைப் பிடித்துக்கொள்ளும். நடுவில், முந்தின வாரம் நான் ஒரு ரிட்டையர்டு தாசில்தாரின் கல்லுக்கு வெட்டிக்கொடுத்த வரி வந்தது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். "யார்ட்டயும் சொல்லாத செழியா," என்றார். நானும் சொல்லவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது.

முதலில் அப்படி வரி போட்டது கஸ்பார் என்பவரின் கல்லுக்கு. நான் கடை போடுவதற்கு எட்டு வருடம் முன்பு நடந்தது அது. மலேசியாவிலிருந்து திரும்பிவந்து அண்ணன் கல் வேலையில் இறங்கிய புதிது. கஸ்பாரின் மனைவி அமலராணி டீச்சர் வந்து ஒரு மணி நேரம் புருஷனைப் பற்றிச் சொன்னாராம். லாரி மோதிப் போனவர். காலையில் தேங்காய் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினவர். டீச்சர் சொல்லச் சொல்ல அண்ணனுக்கு அந்த வரி தானாக வந்து நின்றது. அப்போது மிஷின் கிடையாது. உளியால் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தினார்.

நீ போன வழியில் கால்தடம் இல்லை
நான் நிற்கும் இடத்தில் நிழலும் இல்லை

பாட்டில் இது செத்தவரைப் பற்றியதே இல்லை. எஸ்டேட்டை விட்டு லாரி ஏறிப் போய், திரும்பி வராத தன் கூடப்பிறந்த அண்ணனை நினைத்து மணியம் பாடுவது. டீச்சருக்கு அது தெரியாது. தான் சொன்னதைக் கேட்டு, தனக்காகவே எழுதிய வரி என்று இருபத்துநாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அந்த இரண்டு வரியையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் கிளம்புவாராம்.

அண்ணனுக்கு மனைவி லிடியா, மகள் ஐரின். லிடியா அக்காவுக்குப் புற்றுநோய். மதுரைக்கும் இங்கேயுமாக எட்டு மாதம் அலைந்துவிட்டு 2022 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். கல்லுக்கு ஸ்டிக்கர் வெட்டும்போது, கீழே என்ன வரி என்று கேட்டேன். "வேணாம், பேரு மட்டும்," என்றார். பெயரும் இரண்டு தேதியும் வெட்டிக்கொடுத்தேன். அந்தக் கல்லுக்கும் அரை மணி நேரம்தான் ஆனது.

கல் வைத்த அன்று, அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஐரின் அவரைக் கேட்டாள். நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். "ஊர்ல உள்ளவங்க அப்பன் ஆத்தாவுக்கெல்லாம் எழுதத் தெரியுது. எங்கம்மாவுக்கு ரெண்டு வரி கெடையாதா?" என்றாள். அவர் குனிந்து கல்லின் ஓரத்துச் சிமெண்டைத் துடைத்தார். அதிலிருந்து அவள் அவரோடு பேசுவது நின்றுபோனது. கோயம்புத்தூரில் ஒரு லேப்பில் வேலை கிடைத்துப் போனபிறகு, அப்பா எப்படி இருக்கிறார் என்று எனக்குத்தான் போன் செய்வாள்.

எப்படி இருக்கிறார் என்று நான் என்ன சொல்வது? லிடியா அக்கா போனபிறகு அவர் அழுது நான் பார்க்கவில்லை. அழுகையை விடுங்கள், கோபம் இல்லை, எரிச்சல் இல்லை, பசிகூட இல்லை. டீ வாங்கி வைத்தால் குடிப்பார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். ஒருநாள் கல் நழுவி அவர் கால் பெருவிரலில் விழுந்து நகம் பெயர்ந்தது. கத்தியது நான். அவர் குனிந்து, கல்லின் முனை உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மணியத்தின் ரசிகர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. பினாங்கிலிருந்து துபாய் வரைக்கும் முந்நூறு பேர். அண்ணனும் அதில் இருக்கிறார். ஆனால் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இருபது வயதில் கேசட் தேயத் தேயக் கேட்டவர்களுக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். கையில் நேரம் இருக்கிறது, இணையத்தில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறது. சும்மா இருப்பார்களா? தாங்கள் கும்பிட்ட ஆள் எதை எங்கிருந்து எடுத்தான் என்று தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் பாட்டின் தாளம் ஒரு பழைய அமெரிக்க ரெக்கார்டில் இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அதுதான் அந்தக் கலையே என்று இன்னொருவர். தாளத்துக்குப் பின்னால் ஓடிவரும் அந்தப் பேச்சுகூட நியூயார்க்கில் ஒருவர் செய்ததுதான் என்று மூன்றாமவர். வருடக்கணக்கில் இந்தச் சண்டை ஓடியது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். தாளம் போகட்டும், பாணி போகட்டும், வார்த்தை மட்டும் மணியத்துடையது. அதை யாரும் தொடமுடியாது என்று.

போன நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு ரொனால்டு என்பவர் ஊருக்கு வந்தார். திண்டுக்கல்லில் பிறந்து, திருச்சியில் பாலிடெக்னிக் வாத்தியாராக இருப்பவர். அந்தக் குழுவில் பெரிய தலை. தாத்தா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கஸ்பாரின் கல் கண்ணில் பட்டிருக்கிறது. உளியால் கொத்திய, ஓரம் மழுங்கிய எழுத்து. மணியத்தின் மிகப் பிரபலமான இரண்டு வரி. மேலே இறப்பு: 12.3.1994.

கேசட் வந்தது 98-இல்.

ரொனால்டு போட்டோ எடுத்துப் போட்டார். இரண்டு நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. திண்டுக்கல் கல்லறையிலிருந்து திருடப்பட்ட வரி என்று வீடியோக்கள் வந்தன. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களே முதலில் காறித் துப்பினார்கள். மணியத்துக்கு இப்போது அறுபது வயது. கிள்ளானில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். டிசம்பரில் அவருக்கு அங்கே ஒரு பாராட்டு விழா வைத்திருந்தார்களாம், அதை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒரு குரல் பதிவு மட்டும் அனுப்பினார். தானே எழுதியது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று. அதையும் வெட்டி ஒட்டிக் கேலி செய்தார்கள்.

அத்தனை பேருக்கும் ஒரு சின்ன விஷயம் தெரியவில்லை. கல்லில் இருப்பது ஆள் செத்த தேதி. கல்லை வெட்டிய தேதியை யாரும் போடுவதில்லை. கஸ்பார் போனபோது டீச்சருக்கு நிரந்தர வேலை இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். மரச்சிலுவை ஒன்றை நட்டுவிட்டு வந்தார். ஏழு வருடம் கழித்து 2001-இல்தான் கல் வைத்தார். இங்கே பாதிக் கல்லறைகள் அப்படித்தான். ரொனால்டு வீட்டில் எல்லாரும் சம்பளக்காரர்கள். ஆள் போன முப்பதாம் நாளே கல் வைத்துவிடுகிற குடும்பம். அவருக்கு அது தோன்றவே இல்லை. பாலிடெக்னிக்கில் அளவெடுப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறவர் அவர்.

கல்லின் கீழ் மூலையில் செய்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதை வைத்து அண்ணனைக் கண்டுபிடித்து, பெயரையும் இணையத்தில் போட்டுவிட்டார். புதன்கிழமை ரொனால்டு போன் செய்து, சனிக்கிழமை கேமராவோடு வருவதாகச் சொன்னார். உண்மையான கவிஞரை உலகம் பார்க்க வேண்டுமாம். அண்ணன் சரி என்று வைத்துவிட்டார்.

அடுத்த அரை மணி நேரத்தில் ஐரின் போன் செய்தாள். கையெல்லாம் மணல் என்பதால் அண்ணன் போனைக் கல்லின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "அப்பா, ஒங்க வரியத் திருடித்தான் அந்தாளு பெரிய ஆளானானாமே. லேப்ல அம்புட்டுப் பேரும் பாத்துட்டாங்க. எங்கப்பான்னு சொன்னேன்," என்றாள். சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா கல்லுக்கும் ஒண்ணு எழுதி வைங்கப்பா. அன்னைக்கு அதையும் காட்டலாம்," என்றாள்.

அவர் "ம்" என்றார்.

நான் அன்றைக்குக் கொடுத்த யோசனை கேவலமானது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றேன். நான் எழுதவில்லை என்றும் சொல்ல வேண்டாம், எழுதினேன் என்றும் சொல்ல வேண்டாம். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள். மகள் திரும்பிவந்துவிட்டாள், டீச்சர் மனதும் கலையாது, பதினேழு குடும்பமும் நிம்மதியாக இருக்கும். கடல் தாண்டி இருக்கிற ஒருத்தருக்காக இத்தனையையும் கெடுத்துக்கொள்வானேன்? எல்லாம் அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அந்தாளு பஸ் ஓட்டுறாரு செழியா. டெய்லி பிள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும்ல," என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரொனால்டு இரண்டு பேரோடு வந்தார். ஐரின் அதற்கு முன்பே வந்து, கடையைப் பெருக்கி, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக்கொடுத்திருந்தாள். கஸ்பார் கல்லைப் பற்றிச் சொல்ல அமலராணி டீச்சரையும் ரொனால்டு வரச்சொல்லியிருந்தார். குடையும் கையுமாக வந்து, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிட்டையர் ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். கேமராவை ஓடவிட்டு ரொனால்டு ஒரு நீளமான முன்னுரை சொன்னார். பெயர் தெரியாத மக்களின் குரலைப் புகழ்பெற்றவர்கள் எடுத்துக்கொள்வது பற்றி. நன்றாகத்தான் பேசினார். முடித்துவிட்டு, அந்த வரி எப்படிப் பிறந்தது என்று அண்ணனைக் கேட்டார்.

"அது மணியம் சார் எழுதுனது. நான் காப்பி அடிச்சேன்," என்றார் அண்ணன்.

ரொனால்டு சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார். தேதி இடிக்கிறதே சார், கல் 94, கேசட் 98 என்றார். அண்ணன் செத்த தேதிக்கும் வெட்டிய தேதிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். கேசட்டை 2000-இல் மலேசியாவில் வாங்கியது, 2001-இல் திரும்பிவந்து கல் வேலை பழகியது, அதற்குப் பிறகு பதினேழு கல்லில் மணியத்தின் வரியே போட்டது எல்லாவற்றையும் ஆர்டர் விவரம் சொல்கிற குரலில் சொன்னார். குரலில் வெட்கம் இல்லை, வருத்தமும் இல்லை. அதனாலேயே அவர்கள் நம்பவில்லை. யாராவது மிரட்டினார்களா என்றுகூட ஒரு பையன் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடினேன் என்று ஒருத்தர் தலைகீழாக நின்று சொல்கிறார், இல்லை நீங்கள் உத்தமர் என்று இவர்கள் அடம் பிடிக்கிறார்கள். தாங்கள் தோண்டி எடுத்தது பொய்யாகிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

அண்ணன் டீச்சர் பக்கம் திரும்பினார். "கல்லு வச்சது என்னைக்குன்னு சொல்லுங்க டீச்சர்," என்றார்.

விஷயம் டீச்சருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. அவர் சொல்லப்போகிற தேதிதான் சாட்சி. அதைச் சொன்னால், இருபத்துநாலு வருடம் தன்னுடையது என்று வாசித்த வரி தன்னுடையதில்லை என்று ஆகிவிடும். தெரியவில்லை, மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த வயதில் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

"ரெண்டாயிரத்து ஒண்ணு, செப்டம்பர். எனக்கு வேலை நிரந்தரமான வருசம்," என்றார். பிறகு கேமராவை நிறுத்தச் சொன்னார். ஒரு வகுப்பையே நிறுத்திவைக்கிற குரல் அது. பையன் நிறுத்திவிட்டான். டீச்சர் அண்ணனைப் பார்த்து, "அப்ப நான் அன்னைக்கு ஒரு மணி நேரம் அழுது சொன்னதெல்லாம் என்னாச்சுப்பா?" என்று கேட்டார்.

"கேட்டேன் டீச்சர். நீங்க சொன்னதக் கேட்டுத்தான் அந்த வரி ஞாபகம் வந்துச்சு. எனக்குச் சொந்தமா எழுத வராது."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்று, அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று ரொனால்டிடம் கேட்டார். அவர் போனில் தேடிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார். கேட்டாரா, கேட்டு என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை.

ரொனால்டைக் குறை சொல்லமாட்டேன். உண்மையை அப்படியே போட்டார், மன்னிப்பும் கேட்டார். முதல் வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள், இதை நாலாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. அதிலும் பாதிப் பேர் அண்ணனைத் திட்டினார்கள். குழுவில் ஒரு வாரம் அமைதியாக இருந்துவிட்டு, மூன்றாவது பாட்டின் தாளம் யாருடையது என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்களாம். கிள்ளானில் விழா நடந்ததா என்று தெரியவில்லை. மணியம் ரொனால்டு மூலமாக ஒன்றே ஒன்று கேட்டனுப்பினார், பதினேழு கல்லின் போட்டோவும் வேண்டும் என்று. நான்தான் வண்டியில் சுற்றி எடுத்து அனுப்பினேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. எல்லாரும் போனபிறகு ஐரின் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். லேப்பில் எல்லாரிடமும் எங்கப்பா என்று சொல்லிவிட்டு வந்தவள். முகம் செத்துப்போய் இருந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். திங்கள்கிழமைக்கு ஒரு கல் கொடுக்க வேண்டியிருந்தது.

"அடுத்தவன் வரிதான்னாலும் பரவால்ல. அதுல ஒண்ண அம்மாவுக்குப் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"அது அவரு அவங்கண்ணனுக்கு எழுதுனது பாப்பா. ஒங்கம்மாவுக்கு அதப் போட மனசு வரல," என்றார்.

"அப்ப நீங்க எழுத வேண்டியதுதான? ஒங்களுக்கு ஒண்ணுமே தோணாதாப்பா?"

அவர் அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே போய்க் கம்ப்ரசரைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் இனி யாரும் எதுவும் பேசமுடியாது. ஐரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இந்தத் தடவை போனால் இவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளை என் கடைக்குள் கூப்பிட்டேன். இது நான் யாரிடமும் சொல்லாத விஷயம். லிடியா அக்கா கல் வைத்த மாதத்திலிருந்து, மாதத்துக்கு இரண்டு தடவை போல மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் என் கடைக்கு வருவார். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பக்கம் திறக்கச் சொல்வார். நான் எழுந்து இடம் கொடுப்பேன். ஒரு விரலால் தேடித் தேடி மனைவி பெயரை அடிப்பார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். நான் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வரும்போது, மூடிவிடச் சொல்லிவிட்டு எழுந்து போவார். மூடும்போது சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். நான் பழக்கத்தில் ஆமாம் என்று அமுக்கிவிடுவேன்.

ஐரினை உட்காரவைத்து அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். எண்பத்துமூன்று ஃபைல்கள். முதலாவதைத் திறந்தாள். நடுவில் லிடியா என்று மட்டும் இருந்தது, கீழே வெறும் வெள்ளை. அடுத்ததிலும் அதுதான். சிலவற்றில் எழுத்து பெரிதாக இருந்தது, சிலவற்றில் பெயர் கொஞ்சம் மேலே தள்ளி, கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தது. ஒன்றில் மட்டும் பெயருக்குக் கீழே 'நீ' என்று ஒரு எழுத்து இருந்தது. மேற்கொண்டு ஒன்றுமில்லை.

அவள் ஒன்றுவிடாமல் எண்பத்துமூன்றையும் திறந்து பார்த்தாள். நாற்பது வரைக்கும் பேசாமல் பார்த்தாள். அதற்குப் பிறகு அழுதுகொண்டே பார்த்தாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். பக்கத்துக் கடையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசி ஃபைலை மூடிவிட்டு, "கல்லுலயும் இதான இருக்கு அங்கிள்," என்றாள்.

மிஷின் நின்றதும் எழுந்து அவரிடம் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அம்மா கல்லில் எதுவும் எழுத வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னாள். அவர் சரி பாப்பா என்றார். முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் கையிலிருந்த பெயிண்ட் பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு அவள்தான் அதை வாங்கி வைத்தாள்.